வாடைக்காற்றுக்கு ஒரு விளக்கம்

குரோதானி, கியூஷு
1940 மார்ச் 10

அன்புள்ள கினு அக்காவுக்கு,

தம்பி தோகுஜியின் வணக்கம். குளிர் விட்டும் விடாமலும் இருக்கிற இந்த நாட்களில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? அத்தான் நலமா? உங்கள் ஷிராகுராவில் கூரைப் பனி இன்னும் இறங்கியிருக்காது. இங்கே பிளம் பூத்துவிட்டது. பூத்த மறுநாளே எங்கள் மலை தன் வேலையைக் காட்டியது. மூன்று நாளாகச் சாம்பல். ஸ்டேஷனில் தந்திக் கருவியைத் துடைத்துவிட்டுத்தான் ஒவ்வொரு செய்தியையும் தட்டுகிறேன்.

பிளம் பூவின் மேல்
எரிமலைச் சாம்பல், உதறிவிட்டுத்
தேனீ உள்ளே போகிறது.

பல் டாக்டர் குசகா வீட்டில் மாதம் ஒரு முறை ஐந்து பேர் ஹைக்கூ வாசிக்கக் கூடுகிறோம் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, அங்கே இதை வாசித்தேன். குசகா கேட்டார்: "தேனீ உதறிடுச்சு, சரி. நீ எப்ப உதறப் போற?" எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. செவ்வாய்தோறும் சீனப் போரிலிருந்து செத்த சிப்பாய்களின் எலும்புப் பெட்டிகள் எங்கள் ஸ்டேஷனில்தான் இறங்குகின்றன. என் கண்ணெதிரே இறங்குவதை நான் எழுதுவதில்லை என்பது அவருடைய வருத்தம். அவர் போன கோடையில் எழுதியதை வாசித்தார்.

வெள்ளைத் துணி சுற்றிய பெட்டி;
அம்மா அசைத்துப் பார்க்கிறாள்—
கோடை மழைச் சத்தம்.

கூட்டம் அதோடு கலைந்தது. தேநீர் ஆறிப்போயிற்று.

அக்கா, இதைப் படித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. அத்தான் போலீஸ் ஏட்டு என்பதற்காகச் சொல்லவில்லை. யார் வீட்டிலும் இது இருக்க வேண்டாம். உடம்பைக் குளிரில் விடாதே.

தோகுஜி


ஷிராகுரா
ஏப்ரல் 4

தம்பி தோகுஜிக்கு,

அக்காவின் ஆசிகள். சாம்பல் மூச்சில் போகாமல் வாயைத் துணியால் கட்டிக்கொள். சின்ன வயதிலேயே உனக்கு இருமல் உடம்பு. இங்கே நாங்கள் இருவரும் நலம்.

உன் கடிதத்தைப் பன்னிரண்டு தடவையாவது படித்திருப்பேன். கிழிக்கக் கை வரவில்லை. என் தையல் பெட்டியின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன். அந்தப் பெட்டியை நான் தவிர யாரும் திறப்பதில்லை, பயப்படாதே.

போன வாரம் வாசற்படிப் பனியில் வழுக்கி விழுந்து இடது கன்னம் வீங்கிவிட்டது. மீன்காரி தோமே பார்த்துவிட்டு, "உங்க வீட்டுப் படிக்கு அஞ்சு விரல் இருக்கு போலிருக்கே!" என்றாள். அவள் வாய் அப்படி. நானும் சிரித்துவிட்டேன்.

வீக்கம் வடிகிறவரை வெளியே போகாமல் ஜன்னலில் உட்கார்ந்து கடலைப் பார்த்தேன். நானும் ஒன்று எழுதினேன். கேலி செய்யாமல் படி.

அலை வந்து அறைகிறது;
ஒன்றும் சொல்லாத பாறை
அதே இடத்தில்.

வேளைக்குச் சாப்பிடு.

கினு


குரோதானி
ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கன்னம் சரியாகிவிட்டதா? எனக்கு இருமல் இல்லை. மலையும் இரண்டு வாரமாகச் சும்மா இருக்கிறது.

கேலி செய்ய மாட்டேன். உன் கவிதையைக் குசகாவிடம் காட்டினேன். "உன் அக்கா உன்னைவிட நல்லா எழுதுவாங்க, நீ தந்தி மட்டும் அடி" என்றார். கடைசி வரி மட்டும் வேண்டாம் அக்கா. பாறை வேறு எங்கே போகும்? அங்கே நீ பார்த்தது வேறு ஏதாவது இருக்கும், அதை எழுது. இன்னொன்று கேட்க வேண்டும். அலை மோதும், உடையும், சிதறும். அறையுமா? அந்தச் சொல் உனக்கு எங்கிருந்து வந்தது?

மாத ஆரம்பத்தில் குசகாவும் நானும் பழைய கோட்டைக்கு நடந்து போனோம். வசந்தம் வந்தும் அந்த மேட்டில் குளிர் போகவில்லை. இடிந்த மதில் மேல் உட்கார்ந்து, முள்ளங்கி ஊறுகாயும் சோற்று உருண்டையும் சாப்பிட்டோம். முந்நூறு வருடத்துக்கு முன்பு அந்த வாசலில் நாற்பது தலைகளை வரிசையாக வைத்தார்களாம். இப்போது அங்கே புல்கூட மிதிபடவில்லை.

இடிந்த கோட்டை வாசல்—
காவலுக்கு ஆளில்லை;
வாடைக்காற்று நுழைகிறது.

குசகா ஒரு சொல்லையும் மாற்றவில்லை. எனக்கு அன்றைக்கு முழுக்கத் தரையில் கால் படவில்லை.

படியில் பார்த்து நட.

தோகுஜி


ஷிராகுரா
மே 14

தம்பிக்கு,

ஆசிகள். நீ நலமென்று கேட்டு மகிழ்ச்சி. நான் மறுபடியும் வாசலில் வழுக்கிவிட்டேன், விலாவில் அடி. பனிதான். மூச்சு இழுத்தால் மட்டும் வலிக்கிறது, அதனால் சின்னச் சின்னதாக இழுத்துக்கொள்கிறேன்.

நீ சொன்னபடி மறுபடி போய்ப் பார்த்தேன்.

அலை வந்து அறைகிறது;
பாறை இடுக்கில்
கண் மூடாத நண்டு.

ஒரு நல்ல சேதி. நேற்று அத்தான் சாப்பிடும்போது, "உன் தம்பிக்கு நல்ல மூளைடி" என்றார். கல்யாணமான இந்தப் பத்து வருடத்தில் என் பிறந்த வீட்டைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கினு


குரோதானி
ஜூன் 2

அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். நீ நலமில்லை.

மே மாதத்தில் என்ன பனி அக்கா?

நண்டு அருமை. ஆனால் அந்த நண்டை எனக்கு இப்போது தெரியும். நீ ஒன்றும் எழுத வேண்டாம், விளக்கம் வேண்டாம். என் அறை சிறியதுதான், நடுவில் ஒரு திரை போட்டால் இரண்டு பேர் இருக்கலாம். துணி மூட்டையோடு வண்டி ஏறு. எந்த ஸ்டேஷனில் இருந்தாவது தந்தி அடித்தால் என் கைக்குத்தான் வரும்.

தோகுஜி


ஷிராகுரா
ஜூலை 1

தம்பி தோகுஜிக்கு,

ஆசிகள். உன் கடிதம் கிடைத்தது. அதற்குப் பிறகு நான் போட்ட இரண்டு கடிதங்களும் "முகவரியில் ஆள் இல்லை" என்று திரும்பி வந்துவிட்டன. ஸ்டேஷனுக்குத் தந்தி அடித்தேன். வேறு யாரோ பதில் அனுப்பியிருக்கிறார்: "தெரியாது." நீ உடம்பு சரியில்லாமல் இருக்கிறாயா? அத்தானிடம் விசாரிக்கச் சொன்னேன். "ஆம்பளப் பையன், எங்கயாவது போயிருப்பான்" என்கிறார்.

இது உன் வீட்டுச் சொந்தக்காரர் கையில் கிடைத்தால், தயவுசெய்து அவராவது ஒரு வரி எழுதட்டும். கஞ்சியாவது குடி.

கினு


தடுப்புக் காவல், தணிக்கை செய்யப்பட்டது
ஆகஸ்ட் 8

கினு அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். உணவு நன்று. என் தவறான எண்ணங்களைத் திருத்திக்கொள்ள அதிகாரிகள் பொறுமையோடு உதவுகிறார்கள். கவிதை எழுதுவதில்லை. என் கையெழுத்து மோசமாக இருப்பதால் இதை வேறொருவர் எழுதுகிறார். குளிருக்கு முன் கம்பளி உள்ளாடை அனுப்பவும். உங்கள் நலம் நாடும்,

தோகுஜி


ஷிராகுரா
செப்டம்பர் 3

தம்பிக்கு,

ஆசிகள். நீ உயிரோடு இருக்கிறாய். அது போதும்.

கம்பளி உள்ளாடை இரண்டு, காலுறை மூன்று அனுப்பியிருக்கிறேன். அதிகாரிகள் சொல்வதைக் கேட்டு நட. அத்தானுக்கு இந்த மாதம் சப்-இன்ஸ்பெக்டராகப் பதவி உயர்வு வந்திருக்கிறது. தெருவில் எல்லோரும் வந்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். நான் சிவப்பு அவரைச் சோறு சமைத்துப் பரிமாறினேன்.

உன் காலுறைக்கு நூல் எடுக்கத் தையல் பெட்டியைத் திறந்தேன். அடித்தட்டு வரைக்கும் போனேன். வேறொன்றுமில்லை. எழுத வேறு சேதி இல்லை.

தைரியமாக இரு.

கினு


குரோதானி
டிசம்பர் 6

அக்கா,

இது தபாலில் வரவில்லை. எனக்குப் பழக்கமான சரக்கு ரயில் கார்டுகள் கைக்குக் கை மாற்றி மீன்காரி தோமேயிடம் சேர்ப்பார்கள். உன் வீட்டுக்கு எழுத மனம் துணியவில்லை. காரணம் கேட்காதே, எந்தப் போலீஸ்காரர் வீட்டுக்கும் இனி எழுத முடியாது. கம்பளி உள்ளாடை வந்தது. அது இல்லாவிட்டால் அக்டோபரிலேயே போயிருப்பேன். நீ எப்படி இருக்கிறாய்? விலா?

போன வாரம் விட்டார்கள். எழுத்து கோணலாக இருக்கும், இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் இரண்டு விரல்களுக்கு நடுவே பென்சில் வைத்து முறுக்கினார்கள். விரல்கள் கூடிவிட்டன, ஆனால் மடங்குவதில்லை. தந்தி வேலை போயிற்று.

ஜூன் ஆறாம் தேதி காலையில் ஸ்டேஷனிலேயே பிடித்தார்கள். விசாரித்தவர் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். முதல் நாள் தேநீர் கொடுத்தார். என் கோட்டைக் கவிதையைப் படித்துக் காட்டினார்.

"வாடைன்னா எந்தத் திசை?"

"வடக்குங்க."

"வடக்கே என்ன இருக்கு?"

"எங்க அக்கா வீடுங்க."

மூங்கில் வாளால் தொடையில் ஒரு போடு. "வடக்கே ரஷ்யாடா! காவலில்லாத நாட்டுக்குள்ள ரஷ்யாக்காரன் நுழையுறான்னு எழுதியிருக்க!"

"காத்துதாங்க. அன்னிக்கு அடிச்சது."

"நான் காலேஜ்ல இலக்கியம் படிச்சவன். எங்கிட்ட வந்து காத்துன்னா காத்துன்னு கதை விடாத."

தொடைகள் கறுத்து, வீங்கி, தோல் வெடித்தது. மண்டியிட வைத்து மடிப்பில் கட்டை சொருகி, மேலே ஏறி நின்றார்கள். மயங்கினால் தண்ணீர். எழுந்தால் பேனா. என் நாற்பது கவிதைகளுக்கும் நானே விளக்கம் எழுத வேண்டும். சாம்பல் என்றால் போர். தேனீ என்றால் தொழிலாளி. நான் எழுதினேன் அக்கா. அவமானம் அதில் மட்டுமில்லை. நன்றாக எழுதினேன். அவருக்கே தோன்றாத அர்த்தங்களை எடுத்துக் கொடுத்தேன். "பாத்தியா, உள்ளுக்குள்ள எல்லாம் இருந்திருக்கு" என்று முதுகில் தட்டினார். இப்போது வெளியே வந்து மலையைப் பார்த்தால் மலை தெரியவில்லை. நான் எழுதிக் கொடுத்த விளக்கம்தான் தெரிகிறது.

இனி எழுதப்போவது உன்னிடம் தவிர யாரிடமும் சொல்லாதது.

ஆறாம் நாள் "யார் வீட்டுல கூடுனீங்க?" என்று கேட்டார்கள். ஐந்து நாள் கேட்டதும் அதுதான். அன்று பென்சில். குசகாவின் பெயரைச் சொல்லிவிட்டேன். பெட்டிக் கவிதையையும் வரி பிசகாமல் சொன்னேன். மறுநாள் காலையில் அவரைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தார்கள். பக்கத்து அறை. மூன்று மாதம் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் திட்டினார். அப்புறம் கத்தினார். கடைசியில் அடி விழுகிற சத்தம் மட்டும் வந்தது. செப்டம்பர் ஒன்பதாம் தேதி இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அவர் மனைவி மிசாவோ உடலைக் கழுவியிருக்கிறார். பல் டாக்டரின் வாயில் முன்பல் ஒன்றுகூட இல்லை.

மிசாவோ எனக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் சூப் கொண்டுவந்து கொடுக்கிறார். "அவருக்கு நீங்க தம்பி மாதிரி" என்கிறார். நான் குடிக்கிறேன்.

என் கழுத்தைக் கயிறு வரைக்கும் இரண்டு தடவை கொண்டு போய்விட்டேன். சாகிறதற்கும் இந்தக் கை முடிச்சுப் போட மாட்டேன் என்கிறது.

பதில் எழுதாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

தோகுஜி


ஷிராகுரா, தோமேயின் கொட்டகை
1941 ஜனவரி 7

என் தம்பிக்கு,

ஆசி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. உன் கை எப்படி இருக்கிறது? சூடான உப்புத் தண்ணீரில் வை. கயிறு பக்கம் போகாதே. இந்தக் கடிதத்தைக் கடைசி வரை படிப்பதற்கு முன்னால் எதுவும் செய்யாதே.

குசகாவின் பெயரை நீ கொடுக்கவில்லை. என் தையல் பெட்டி கொடுத்தது.

ஆகஸ்டில் உன் காலுறைக்கு நூல் எடுக்கப் போனபோது கடிதங்கள் வரிசை மாறியிருந்தன. உன் கவிதைகளுக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சில் கோடு. குசகா என்ற பெயரைச் சுற்றி ஒரு வட்டம். அன்றைக்கே தெரிந்துவிட்டது. நான்கு மாதம் ஒன்றும் கேட்கவில்லை. பயம். கேட்டால் என்ன நடக்கும் என்று என் உடம்புக்குத் தெரியும். அதைவிட, கேட்காதவரை அது நிஜமில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய பதவி உயர்வுக்குச் சிவப்புச் சோறு சமைத்தவள் நான்.

ஜனவரி மூன்றாம் தேதி மதியம் அவருடைய ஆட்கள் இருவர் புத்தாண்டுக்குக் குடிக்க வந்தார்கள். நான் சாக்கே சூடாக்கிக்கொண்டிருந்தேன். உன் தேனீ கவிதையை உரக்கச் சொல்லி, "என் மச்சான் எழுதுனது! தேனீ உள்ள போயிருச்சு, பாத்தீங்களா!" என்று தொடையில் அடித்துச் சிரித்தார். மூன்று பேரும் சிரித்தார்கள். அவர்கள் போனதும் கேட்டேன்.

"எத்தன நாளா என் லெட்டரைப் படிக்கிறீங்க?"

"மொத லெட்டர்லேருந்து. பெட்டிக்குப் பூட்டா போட்டு வச்சிருந்த?"

"அந்த டாக்டர் செத்துட்டாரு. தான்தான் பேரச் சொன்னோம்னு தம்பி துடிக்கிறான்."

அவர் சிரித்தார். "பேரு அவங்களுக்கு மே மாசமே தெரியும்டி. நான்தான எழுதி அனுப்புனேன்! அது அவன் வாயால வரணும். அதான் வழக்கம். கூட்டாளியக் காட்டிக் கொடுத்தவன் வெளிய போயி வாயே தொறக்க மாட்டான்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "அவன் துடிக்கிறது உனக்கு எப்படித் தெரியும்? வெளிய வந்து எழுதுனானா? எங்க அந்த லெட்டர்?"

இடுப்புக் கச்சையில் வைத்திருந்தேன். என் கை அங்கே போனதைப் பார்த்துவிட்டார். முடியைப் பிடித்துத் தரையில் சாய்த்து, கச்சையை இழுத்தார். வாள் உறையால் தோளில் இறக்கினார். எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. கரியடுப்பின் மேல் இரும்புக் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. நல்ல கையால் தூக்கி அவர் முகத்தில் கவிழ்த்தேன். தவறி விழவில்லை தோகுஜி. பார்த்து, முகத்தில் ஊற்றினேன். அவர் மிருகம் மாதிரி கத்திக்கொண்டு உருண்டார். உன் கடிதத்தைக் கரியில் போட்டேன். முழுதாகச் சாம்பலாகிறவரை நின்று பார்த்தேன். அதற்குப் பிறகுதான் நடந்தேன், செருப்பில்லாமல், பனியில். இந்தத் தடவை வழுக்கவில்லை.

தோமே தோளைக் கட்டிப் படுக்க வைத்திருக்கிறாள். "மீன் கழுவ ஒரு கை போதும். இங்கயே கெட" என்கிறாள். அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ஒரு கண் போய்விடுமாம். பெண்டாட்டி ஊற்றினாள் என்று சொல்ல வெட்கமாக இருக்கும்போல, கெட்டில் வழுக்கியதாகச் சொல்லியிருக்கிறார். கட்டு அவிழ்ந்ததும் தேடி வருவார்.

உன் முதல் கடிதத்தைக் கிழித்துப் போடு என்று நீ சொன்னாய். நான் கிழிக்கவில்லை. குசகா சாவு என்னுடையது. உன் கழுத்துக்கு அதில் பங்கில்லை. இதை மிசாவோ அம்மாவிடம் நீயே படித்துக் காட்டு. அதற்குப் பிறகு என்னை மறந்துவிடு என்றாலும் சரி.

வேளைக்குச் சாப்பிடு.

கினு


குரோதானி
ஜனவரி 21

அக்காவுக்கு,

வணக்கம். தோள் எலும்பு சேர ஆறு வாரமாகும், கையைத் தூளியிலிருந்து எடுக்காதே. நான் உயிரோடு இருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் எழுந்து போய் விறகு பிளந்தேன். கோடரி சரியாக இறங்கவில்லை, இருந்தும் சாயங்காலம் வரை நிறுத்தவில்லை. ஒவ்வொரு கட்டையும் நீதான். பொய் சொல்ல விரும்பவில்லை. "கிழித்துப் போடு" என்று இரண்டே வார்த்தையில் சொன்னேனே, இவளுக்குக் கேட்கவில்லையா என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் ஓடிப்போயிற்று. இருட்டுவதற்குள் ஒன்று தோன்றியது: அடிபட்டவர்களிலேயே நீ ஒருத்திதான் திருப்பி அடித்திருக்கிறாய்.

மறுநாள் மிசாவோ வீட்டுக்குப் போனேன். நோயாளிகள் உட்காருகிற நாற்காலியை விற்பதற்காகத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலில் என் கதையைச் சொன்னேன். பென்சில், ஆறாம் நாள், எல்லாம். அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு என் கன்னத்தில் அறைந்தார். மறு கன்னத்திலும்.

"ரெண்டு மாசம் என் சூப்பக் குடிச்சீங்களே! அப்ப சொல்ல வாய் வரலியா?"

"வரலங்க."

"பேரு சொன்னதுக்கு அடிக்கல. அவரும் உங்க பேரச் சொல்லியிருப்பாரு, அந்த வலிக்கு யாரும் சொல்லுவாங்க. என்னை ஏமாத்தித் தின்னதுக்கு அடிச்சேன்."

பிறகு உன் கடிதத்தைக் கொடுத்தேன். நான் படித்துக் காட்டவில்லை. அவரே படித்தார், இரண்டு தடவை. கெட்டில் வருகிற இடத்தில் மூச்சை உள்ளே இழுத்தார். மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, வெறும் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் போக எழுந்தபோது நிறுத்தினார்.

"அவங்களை வரச் சொல்லுங்க."

"அம்மா, அவளே தன்னை மன்னிக்க..."

"மன்னிக்கிறதப் பத்தி யாரு பேசுனா? காகிதத்துல எழுதுறது சுலபம். அவங்க வந்து என் முகத்தப் பாத்து சொல்லட்டும். சொல்லி முடிச்சப்புறம் சாப்பிடலாம்."

ஆகவே கிளம்பு. உன் புருஷன் கட்டு அவிழ்ப்பதற்குள். தோமேயிடம் இதைக் கொண்டுவருகிற கார்டு உன்னைச் சரக்கு வண்டியில் ஏற்றி ஒசாகா வரை கொண்டுவந்து விடுவார். அங்கிருந்து பயணிகள் வண்டி. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இங்கே சேரும். போலீஸ் முதலில் தேடுவது என் அறையைத்தான். அதனால் அங்கே வந்து தங்க வேண்டாம். மிசாவோவின் அண்ணன் மலைக்கு அந்தப் பக்கம் நிலக்கரிச் சுரங்க ஊரில் இருக்கிறார், அங்கே நீ தங்க மிசாவோ இடம் பேசியிருக்கிறார்.

எனக்குக் கவிதை இன்னும் வரவில்லை. உன்னிடம் கோபமும் இன்னும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வண்டி நிற்கும்போது என்னைத் தேடாதே, நான் ஸ்டேஷனுக்கு வர மாட்டேன். மிசாவோ தனியாக வந்து நிற்பார். உனக்கு அவரைத் தெரியாது. ஆனால் தூளி கட்டிய கையோடு இறங்குகிறவள் நீதான் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறேன். முதலில் அவரிடம் பேசு. அப்புறம் என்னிடம்.

வழியில் குளிர் அதிகம். கழுத்தை மூடிக்கொள்.

தோகுஜி